பின்தங்குவோர் கவனத்திற்கு

என் கணவர் பரலோகம் போகும்போது நான் கூடப் போகமாட்டேன் என்பது எங்கள் வீட்டில் நான்கு வருடத்துக்கு முன்பே முடிவாகிவிட்டது. என்னை யாரும் கேட்கவில்லை. ஒருநாள் பீரோவில் வீட்டு வரி ரசீதைத் தேடிக்கொண்டிருந்தபோது நீல நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல் கையில் சிக்கியது. அதன் மேல், அச்சடித்தது மாதிரியான அவருடைய கையெழுத்தில், 'பின்தங்குவோர் கவனத்திற்கு' என்று எழுதியிருந்தது. மகளைக் கட்டிக்கொடுத்தபிறகு எங்கள் வீட்டில் இருப்பது இரண்டே பேர். அவர் தங்கப்போவதில்லை என்றால் அந்தப் பின்தங்குவோர் யார் என்று கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு ஒன்றும் தேவையில்லை.

அவர் உசிலம்பட்டி பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குக் கிளம்பியது என்று முப்பது வருடம் எழுதிய கை அது. நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன்னால் வண்டியை எடுத்த டிரைவரோடு ஒரு வாரம் பேசமாட்டார். ஓய்வு பெற்று வீட்டோடு இருக்க வந்ததும் அவருக்கு எழுத வண்டி இல்லாமல் போயிற்று. ஒரு மாதம் மதுரை ஆனையூரில் எங்கள் தெருமுனையில் நின்று டவுன் பஸ்களைப் பார்த்து, 'இன்னைக்கும் எட்டு நிமிசம் லேட்டு' என்று சொல்லிக்கொண்டிருந்தார். நானாவது அவரை ஒரு நூலகத்திலோ வாக்கிங் போகிறவர்கள் கூட்டத்திலோ சேர்த்துவிட்டிருக்க வேண்டும். செய்யவில்லை. அந்த நேரம் பார்த்து, ஃப்ளெக்ஸ் அடிக்கும் கடைக்கு மேல் மாடியில் தகரக் கூரை போட்டு ஒரு சபை வந்து இறங்கியது.

அங்கே பாஸ்டருக்கு ஒரே பிரசங்கம்தான். ஆண்டவருடைய இரகசிய வருகை. எக்காளம் ஊதும். விசுவாசிகள் இருந்த இடத்திலிருந்தே பரலோகத்துக்கு எடுத்துக்கொள்ளப்படுவார்கள். அவர்கள் போட்டிருந்த துணிமணி, செருப்பு, கண்ணாடி எல்லாம் அப்படியே கிடக்கும். மிச்சம் இருக்கிறவர்களுக்கு ஏழு வருடம் உபத்திரவம். நாள் எது, நேரம் எது என்று யாருக்கும் தெரியாது, ஆனால் எந்த நொடியும் நடக்கலாம். நேரம் சொல்லாமல் கிளம்பும் வண்டிக்கு, கையில் பையோடு, வருடக்கணக்கில் நிற்க என் கணவரைவிடப் பொருத்தமான ஆள் மதுரை மாவட்டத்தில் கிடைக்கமாட்டார்.

நானும் கிறிஸ்தவள்தான். நாற்பது நாள் குழந்தையாக இருக்கும்போது என் அப்பா கையில் ஏந்தி நிற்க, எங்கள் சபைப் பாதிரி ஐயர் தலையில் தண்ணீர் தெளித்தார். ஆண்டவர் மறுபடியும் வருவார் என்று ஞாயிறுதோறும் எழுந்து நின்று சொல்லிவிட்டு, மட்டன் குழம்பு வைக்க நேரத்தோடு வீடு வந்து சேருகிற சபை எங்களுடையது. புதுச் சபையில் அது செல்லாது. குழந்தைக்குத் தெளித்தது கணக்கில் இல்லை, வயது வந்தபிறகு முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தால்தான் பெயர் சேரும் என்றார்கள். கோச்சடைப் பக்கம் வைகையில் இறங்கலாம் என்று பார்த்து, அங்கே கணுக்கால் நனையக்கூடத் தண்ணீர் இல்லாததால் மாடியிலேயே கறுப்புத் தொட்டி ஒன்றில் முக்கினார்கள். என் கணவர் அதில் முங்கி எழுந்து இருமிக்கொண்டே வந்தார். அடுத்து நான் என்று எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஒரு தடவை தெளித்ததை மறந்துபோகிற அளவுக்கு ஆண்டவருக்கு ஞாபக மறதி இல்லை என்று சொல்லிவிட்டு நான் படியிறங்கி வந்துவிட்டேன். அதோடு என் கதை முடிந்தது.

நான் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்தாளுநர். நாள் முழுக்க மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிக் காலாவதித் தேதி பார்க்கிறவள். வீட்டுக்கு வந்தால் உலகத்துக்கே காலாவதித் தேதி பார்க்கிற மனிதர் உட்கார்ந்திருப்பார். சமையலறைக் கூரை ஒழுகியபோது ஆள் கூப்பிடச் சொன்னேன். "இன்னும் எம்புட்டு மழைய நாம பாக்கப் போறோம்?" என்றார். அடுப்புக்கு மேல் அண்டாவைத் தொங்கவிட முடியாது, அதனால் அடுப்பையே நகர்த்தி வைத்து மூன்று மழைக்காலம் ஓட்டிவிட்டேன். கடைவாய்ப் பல் விழுந்து முன்பல்லும் ஆட ஆரம்பித்தது. பல் கட்டிக்கொள்ளுங்கள் என்றால், பரலோகத்தில் கிடைக்கப்போகும் மகிமையின் சரீரத்தில் எல்லாப் பல்லும் திரும்ப வந்துவிடும் என்றார். அதுவரைக்கும் முறுக்கை நான் உடைத்துக் கொடுக்க வேண்டும்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். அந்த நீல ஃபைலைத்தான் பொறுக்க முடியவில்லை.

உள்ளே பதினோரு பக்கம். பஸ் ஸ்டாண்டு அறிவிப்புப் பலகை மாதிரி வரிசை எண் போட்டு எழுதியிருந்தார். முதலாவது, பயப்பட வேண்டாம். இரண்டாவது, என்னைத் தேடி யாரிடமும் விசாரிக்க வேண்டாம், போலீசுக்குப் போக வேண்டாம். மூன்றாவது, என் உடைகள் கிடக்கும் இடத்தில் அடுப்போ இஸ்திரிப் பெட்டியோ எரிந்துகொண்டிருந்தால் முதலில் அதை அணைக்கவும். அதற்கப்புறம் மோட்டார் சுவிட்சை எப்படித் தட்டினால் விழும், மாநகராட்சித் தண்ணீருக்கு எந்த வால்வைத் திறக்க வேண்டும், கேஸ் புத்தகம் எங்கே, கரண்ட் கட்டணம் எந்த மாதம். பத்தாவது பக்கத்தில் உபத்திரவ காலத்தில் ஆளவரும் அந்திக்கிறிஸ்துவின் முத்திரையை வாங்காதே என்று சிவப்பு மையில் எழுதி, அதன் கீழேயே, சர்க்கரை மாத்திரையை விட்டுவிடாதே என்றும் எழுதியிருந்தார். வானத்திலிருந்து நட்சத்திரம் விழுகிற காலத்தில் நான் காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று மாத்திரை போட்டுக்கொண்டு, வால்வைத் திறந்து மூடிக்கொண்டு இருக்க வேண்டும்.

ஃபைலைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன்.

"என்னங்க இது?"

அவர் கூச்சப்பட்டார். ஒளித்து வைத்த பிறந்தநாள் சேலையைக் கண்டுபிடித்துவிட்டது மாதிரி சிரித்தார். "நீ கஷ்டப்படக் கூடாதுல்ல. அதான் எல்லாத்தையும் எழுதி வச்சேன்."

"அப்ப நீங்க போயிருவீக. நான் மோட்டார் போட்டுக்கிட்டு இருக்கணும்."

"அதுக்குத்தான முழுக்கு எடுன்னு கெஞ்சுறேன்."

"என்னைய விட்டுட்டு உங்களால எப்படிங்க போக முடியும்?"

அவர் ஒரு வசனம் சொன்னார். தகப்பனையும் தாயையும் மனைவியையும்விட ஆண்டவர் பெரியவர் என்கிற மாதிரி ஒன்று. நான் எழுந்து போய்ப் பாத்திரம் தேய்த்தேன். அன்று தேய்த்த தேய்ப்பில் ஒரு டம்ளர் நசுங்கிவிட்டது.

அந்தக் கேள்வியை இந்த நான்கு வருடத்தில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். பேச்சுவாக்கில் கேட்டிருக்கிறேன், அழுதுகொண்டு கேட்டிருக்கிறேன், காய்கறி நறுக்கும்போது கத்தியைக் கையில் வைத்துக்கொண்டும் கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் ஒரு வசனம் வரும். எனக்கு வேண்டியது வசனம் இல்லை. நீ இல்லாமல் நான் எங்கேயும் போகமாட்டேன் என்று அவர் ஒரு தடவை, பொய்யாகவாவது, சொல்ல வேண்டும். அது வேதப்படி தப்பு என்று எனக்கும் தெரியும். முப்பத்தைந்து வருடம் ஒரு மனிதருக்கு ரசம் வைத்துக் கொடுத்தவளுக்கு அந்தத் தப்பைக் கேட்க உரிமை உண்டு என்று நினைத்தேன். மகளிடம் போனில் சொல்லி அழுதால், "எம்பேரும் அந்த ஃபைல்ல இருக்காம்மா?" என்று சிரித்தாள். இருந்தது. நான்காம் பக்கத்தில், 'மகளுக்குத் தகவல் சொல்லவும்' என்று.

ஒரே ஒரு தடவை, மனசு கேட்காமல், அவரோடு அந்த மாடிக்குப் போனேன். அன்றைக்கென்று பாஸ்டர், "ஒரே கட்டில்ல ரெண்டு பேரு படுத்திருப்பாங்க. ஒருத்தர் போயிருவாரு, ஒருத்தர் கெடப்பாரு" என்று கைதட்டிச் சொன்னார். பாதிக் கூட்டம் திரும்பி என்னைப் பார்த்தது. நான் கெடக்கிறவள். இந்த உலகம் ஒரு வாடகை வீடு, இதற்குச் சுண்ணாம்பு அடிப்பவன் முட்டாள் என்றும் சொன்னார். ஒழுகுகிற கூரைக்குக் காரணம் எங்கிருந்து வந்தது என்று அப்போது புரிந்தது. வாடகை வீடாகவே இருக்கட்டும், குடியிருக்கிற வரைக்கும் சோறு பொங்க வேண்டாமா, கூரை ஒழுகாமல் இருக்க வேண்டாமா என்று எழுந்து கேட்டிருப்பேன். என் கணவர் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

போன கோடையில் ஒரு சனிக்கிழமை. சபையில் உபவாச ஜெபம். காலை பத்து மணியிலிருந்து மாலை ஆறு மணி வரை ஒருவரும் சாப்பிடக் கூடாது, போனை அணைத்துவிட வேண்டும். அவர் காலையிலேயே வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போய்விட்டார். எனக்கு விடுமுறை. குக்கரில் சாதம் வைத்து, மோட்டாரைப் போட்டுவிட்டு, மேசையில் கண்ணாடியைக் கழற்றி வைத்து முகம் கழுவிக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டுப் பெண் வாசலில் நின்று கத்தினாள்.

"யக்கா! பனிக்குடம் ஒடஞ்சிருச்சு யக்கா!"

அவள் மகள் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். இன்னும் பத்து நாள் இருக்கிறது என்ற தைரியத்தில் அந்த வீட்டு ஆம்பளை ஆடு பிடிக்க உசிலம்பட்டிச் சந்தைக்குப் போயிருந்தார். தெருவில் மருந்து, ஆஸ்பத்திரி என்றால் எல்லோருக்கும் நான்தான் ஞாபகம் வருவேன். மாத்திரை எடுத்துக் கொடுக்கிறவளுக்குப் பிரசவம் தெரியுமா என்று யாரும் யோசிப்பதில்லை. ஓடினேன். நைட்டிக்கு மேல் ஒரு துண்டு, காலில் செருப்பு இல்லை. ஆட்டோவில் அந்த மகள் வலியில் என் கையைப் பிடித்துக்கொண்டாள், இரண்டு கிலோமீட்டர் தாண்டித்தான் குக்கர் ஞாபகம் வந்தது. வழியில் கொத்தமல்லி விற்பவரிடம் நிறுத்தி, எங்கள் வீட்டு அடுப்பை அணையுங்கள் என்றா சொல்ல முடியும்? என் போன் படுக்கையறையில் சார்ஜில் கிடந்தது. எதிர்வீட்டுக்காரி போனில் அவரைக் கூப்பிடலாம் என்றால், சாயங்காலம் ஆறு மணி வரை அவர் போன் அணைந்திருக்கும். விட்டுவிட்டேன்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நான்கு மணி நேரம் நின்றேன். வெயிலில் தெருவிலும் ஆஸ்பத்திரி வாசலிலும் வெறுங்காலோடு ஓடியதில் உள்ளங்கால் கொப்பளித்துவிட்டது. எதிர்வீட்டுக்காரி ஒரு பக்கம் எல்லாச் சாமிகளையும் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். நான் என் பங்குக்கு ஜெபம் பண்ணினேன். நாம் எதற்காக இந்த உலகத்தில் இருக்கிறோம் என்ற கேள்வியை என் கணவர் ஓய்வு பெற்ற நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார். எனக்கு ஓய்வு பெற இன்னும் ஒரு வருடம் இருக்கிறது, அதனால் அதற்கெல்லாம் நேரம் கிடைத்ததில்லை. அன்று அந்த வராந்தாவில் கிடைத்தது. யாருடைய பிளாஸ்கையோ, யாருடைய துணிப் பையையோ பிடித்துக்கொண்டு நிற்பதற்காகத்தான் என்று தோன்றியது. இது போதாதென்று தோன்றினால் அது உங்கள் பாடு. நாலரை மணிக்குக் குழந்தையின் சத்தம் கேட்டது. பெண் குழந்தை. பாஸ்டரின் வாடகை வீட்டுக்கு ஒரு புதுக் குடித்தனம் கத்திக்கொண்டு வந்து சேர்ந்துவிட்டது.

வீட்டுக்கு வரும்போது ஐந்தரை இருக்கும். வாசலில் என் செருப்பைக் காணவில்லை. கதவு திறந்திருந்தது. அந்நேரம் ஜெபத்தில் இருக்க வேண்டிய என் கணவர் ஹாலில் தரையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் என் செருப்பு இரண்டும் ஜோடியாக வைக்கப்பட்டிருந்தன. அதன் அருகே என் கண்ணாடி, மடித்து. என் போன். மடியில் நீல ஃபைல் விரித்தபடி.

அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எழுந்து வந்து, தோசைக்கல் சூடு பார்க்கிற மாதிரி ஒரு விரலால் என் கையைத் தொட்டார்.

"நீ போகலையா?" என்றார்.

"எங்க?"

விரலை மேலே காட்டினார்.

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வெளியே வந்தது. உபவாசத்தில் பன்னிரண்டு மணிக்கு மேல் அவருக்குப் பசி தாங்கவில்லை. முழங்கால் வலி என்று பாஸ்டரிடம் பொய் சொல்லிவிட்டு இறங்கி, இரண்டு தெரு தள்ளிப் போய் ஒரு வண்டியில் பருத்திப்பால் குடித்திருக்கிறார். கூடவே இரண்டு உளுந்த வடை. குற்ற மனசோடு வீட்டுக்கு வந்தால் வாசலில் என் செருப்பு, மேசையில் கண்ணாடி, குக்கர் தண்ணீர் வற்றித் தீய்ந்துகொண்டிருக்கிறது, மாடித் தொட்டி நிறைந்து தண்ணீர் தெருவில் ஓடுகிறது. என்னைக் கூப்பிட்டார். என் போன் உள்ளே அடித்தது. பாஸ்டரைக் கூப்பிட்டார், அணைந்திருந்தது. சபையில் அத்தனை பேரையும் கூப்பிட்டார். உபவாச ஜெபம் என்பது அவருக்குத்தான் தெரியுமே, அது நினைவுக்கே வரவில்லை. அத்தனை போனும் அணைந்திருந்தது. திரும்பச் சபை மாடி ஏறிப் போய்ப் பார்க்கும் தைரியமும் இல்லை. பீரோவிலிருந்து ஃபைலை எடுத்து, எனக்காக எழுதியதை முதல் வரியிலிருந்து அவரே செய்ய ஆரம்பித்திருக்கிறார். அடுப்பை அணைத்தார். மோட்டாரை நிறுத்தினார். மகளுக்குத் தகவல் சொல்லும் பக்கத்தில் கை நின்றுவிட்டது.

எனக்குச் சிரிப்பு வந்தது. சுவரில் சாய்ந்துகொண்டு, கொப்பளம் வலிக்க வலிக்கச் சிரித்தேன். சிரித்து முடிந்ததும் கோபம் வந்தது.

"நான் முழுக்கு எடுத்தேனா?"

"இல்ல."

"பெறகு எப்படிப் போனேன்னு நெனச்சீக? நாலு வருசமா நான் போகமாட்டேன்னு ஃபைல் போட்டு வச்சிருக்கீக."

"அது ஃபைலு. செருப்பப் பாத்ததும் எனக்கு ஒரு நிமிசங்கூடச் சந்தேகம் வரல. நீ போகாம வேற யாரு போவா? வடை திங்கப் போனவன் நானு."

"எதிர்வீட்டுலயாவது கேட்டிருக்கலாம்ல?"

"பாத்தேன். பூட்டிக் கெடந்துச்சு. அவுகளும் போயிட்டாகன்னு நெனச்சேன்."

"அவுக எப்படிங்க போவாக? மாசாமாசம் அழகர்கோயிலுக்குப் போறவுக."

"அதெல்லாம் அப்ப யோசிக்க வரல" என்றார். "அம்புட்டுப் பேரும் போயாச்சு, நான் ஒருத்தன்தான் மிச்சம்னு இருந்துச்சு."

அவருக்கு அறுபத்து மூன்று வயது. வெள்ளைச் சட்டையில் பருத்திப்பால் சிந்தியிருந்தது. மூன்று மணி நேரம் அந்தத் தரையில் உட்கார்ந்திருக்கிறார். என் கோபத்தை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ரொம்பப் பயந்துட்டீகளா?"

அவர் யோசித்தார். தப்பான நேரத்தை எழுதப் பிடிக்காத மனிதர், நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டும் என்று யோசித்தார்.

"பயம் பெறகுதான் வந்துச்சு. மொதல்ல கோவம்."

"யாரு மேல? ஆண்டவர் மேலயா?"

"ஒம்மேலதான்" என்றார். செருப்பை என் பக்கம் தள்ளினார். "ஒரு வார்த்த சொல்லல. என்னைய விட்டுட்டு ஒன்னால எப்படிப் போக முடிஞ்சுச்சு?"

"நாலு வருசமா நான் அதத்தாங்க உங்ககிட்டக் கேக்குறேன்" என்றேன்.

அவர் வாயைத் திறந்தார். வசனம் எதுவும் வரவில்லை.